காணாமல் போன ஐம்பது

"இந்தத் திருடன் துண்டைக் காயவெச்சிருக்கான், ஹிகாஷி," என்றார் அக்கா.

"நல்ல வளர்ப்பு. எங்க வீட்ல துவைக்கிறதோட சரி," என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு அவர் சிரிக்கப்போகும் நாளுக்காக நான் இன்னும் காத்திருக்கிறேன். நாமெகாவா அக்கா என்றால் ஒசாகாவின் டைஷோ வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. அப்பா கப்பல் உடைக்கிற பட்டறையில் தோள் தேய்ந்தவர். மகள் அதே தெருவில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். அலுவலகத்துக்குக் கீழே ஒகொனோமியாகி என்கிற முட்டைக்கோஸ் அடை சுடுகிற கடை. அதனால் எங்களிடம் வருகிற ரகசியம் எல்லாவற்றிலும் வதங்கிய முட்டைக்கோஸ் வாசனை அடிக்கும். நான் ஹிகாஷிதானி. லாரி ஓட்டி இடுப்பைத் தொலைத்துவிட்டு அக்காவிடம் வந்து சேர்ந்தவன். கார்டில் 'உதவித் துப்பறிவாளர்' என்று போட்டிருக்கிறது. பை தூக்குகிறவனுக்கு அச்சகத்தில் வேறு பெயர் இல்லை போலிருக்கிறது.

நாங்கள் உட்கார்ந்திருந்தது கமொமே காபிக் கடையில். வெளியே ஜூன் மழை தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருந்தது. கடைத்தெருவின் கூரையிலிருந்து ஒழுகிய தண்ணீருக்கு மீன்கடைக்காரன் வாளி வைத்திருந்தான். மேசைமேல் ஒரு சின்னத் தோல் பை. அதற்குள்ளிருந்து எடுத்த மூன்று பொருட்கள்: ஒரு கைத்துண்டு, ஈரம் உறிஞ்சுகிற மணிப் பொட்டலம் ஒன்று, ஒரு பித்தளை வளையம்.

அந்தப் பையில் இருந்திருக்க வேண்டியது ஒரு லென்ஸ்.

கடைக்காரர் கயோ-சான் எங்கள் எதிரில் நின்றார். அறுபதை ஒட்டிய வயது. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. சொந்தக் கடையிலேயே விசாரணைக்கு வந்தவர் மாதிரி ஏப்ரனைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

"துண்டு நம்ம கடைத் துண்டுதான். அதை மறுக்கல," என்றார். "வர்றவங்க கை துடைக்க நான்தான் நனைச்சு, சுருட்டிக் குடுக்கிறேன். அதான் எல்லாரும் ஒரே முடிவா சொல்லிட்டாங்க. துண்டும் இவளுது, சாவியும் இவகிட்ட, அப்ப லென்ஸ் எங்க போயிருக்கும்னு."

"எல்லாரும்னா?"

"ஊபுகட்டா-சான் வாயைத் திறந்து சொன்னார். மத்தவங்க வாயை மூடிக்கிட்டு சொன்னாங்க."

இந்தக் கடையில் செவ்வாய்க்கிழமைதோறும் கூடுகிற கிழவர்களுக்கு ஒரு கழகம் உண்டு. பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வைத்திருப்பவர்கள். லென்ஸ் வழியாகப் பார்க்கிற கேமரா இல்லை அது. மேலே ஓரத்தில் தனியாக ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதில் இரண்டாகத் தெரிகிற உருவத்தை ஒன்றாகச் சேர்த்தால் படம் தெளிவாக விழும். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு லென்ஸ் வைத்துக்கொண்டு, எதை மாட்டலாம் என்று பேசிப் பேசியே ஒரு படமும் எடுக்காமல் பல வருஷம் காபி குடித்தார்கள். இதைப் பார்த்துப் பொறுக்காமல் தலைவர் மினோவா ஒரு விதி கொண்டுவந்தார். ஓய்வு பெற்ற பல் டாக்டர். பிடுங்கினால்தான் சரியாகும் என்று நம்புகிற தொழில்.

பிப்ரவரியில் பிளம் பூக்கிற வாரம் ஆளுக்கு மூன்று லென்ஸ் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வருஷம் முழுக்க அந்த மூன்றுதான். மிச்சம் எல்லாம் தோல் பைகளில் போட்டு கமொமே கடையின் கண்ணாடி அலமாரிக்குள் போய்விடும். ஈரம் புகாத அலமாரி அது. சாவி கயோ-சானிடம். தேர்வு நாளில் கிழவர்கள் படுகிற பாடு இருக்கிறதே, பெண் பார்க்கப் போன வீட்டில்கூட ஒருவன் இவ்வளவு வியர்க்க மாட்டான் என்று கயோ-சான் சொன்னார். மனைவிமார் மட்டும் அந்த விதிக்குக் கோயில் கட்டத் தயாராம்.

"ஈரக்காலம் ஆரம்பிச்சதும் அலமாரியைத் திறந்து பைகளைத் தொட்டுப் பாப்பாங்க," என்றார் கயோ-சான். "தொட்டுத்தான் பாப்பாங்க, பிரிக்க மாட்டாங்க. இந்த வருஷம் ஊபுகட்டா-சான், லென்ஸ்ல பூஞ்சை வந்திருக்கான்னு பாக்கணும்னு ஒவ்வொண்ணா பிரிச்சார். தலைவரோட பையில இது இருந்தது."

"காணாமப் போனது தலைவரோடதா?"

"அவரோட ஐம்பது."

லென்ஸுகளை இவர்கள் எண்ணால்தான் கூப்பிடுவார்கள். எண் சிறிதானால் அகலமாகப் பார்க்கும். பெரிதானால் தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுக்கும். ஐம்பது நடுவில் நிற்கிற சாதாரண ஆள். தலைவர் இந்த வருஷம் வைத்துக்கொண்டது இருபத்தொன்று, முப்பத்தைந்து, தொண்ணூறு. ஐம்பதை உள்ளே போட்டபோது ஒரு சொற்பொழிவே ஆற்றினாராம்: 'ஐம்பது என்பது குழந்தைக்கு நடைவண்டி. நடக்கத் தெரிந்தவனுக்கு எதற்கு?'

"அவர் என்ன சொல்றார் இப்போ?" என்று அக்கா கேட்டார்.

"பெரிய மனுஷன். போலீஸ் வேணாம், போனது போகட்டும், யாரையும் குத்தம் சொல்லாதீங்கன்னார். அவர் அப்படிச் சொன்னதுல எனக்குத்தான் இன்னும் மோசமாப் போச்சு." கயோ-சான் ஏப்ரனை விட்டுவிட்டு அலமாரியைக் காட்டினார். "இன்னைக்கு சாயங்காலம் கூடுறாங்க. அலமாரியை எதிர்க் கடைக்கு மாத்தலாமான்னு கை தூக்கப் போறாங்க. போனா போகட்டும். ஆனா அலமாரி பின்னாடியே பேச்சும் போகும். கமொமே கயோவுக்குக் கை நீளம்னு. அப்புறம் இந்தத் தெருவுல நான் ஒரு வெங்காயம் பொறுக்கினாக்கூட எல்லார் கண்ணும் என் பை மேலதான் இருக்கும்."

அக்கா துண்டை எடுத்துத் தட்டினார். அப்பளம் மாதிரி விறைத்துப்போய்ச் சத்தம் கேட்டது.

"ஹிகாஷி, இந்தக் கடையில உனக்குக் காஞ்ச துண்டு கிடைச்சிருக்கா?"

"இல்ல. வெயில்னாலும் மழைன்னாலும் ஈரம்தான்."

"பையில கனம் தெரியணும்னு எதையாவது திணிக்கிற திருடன் கைக்குக் கிடைச்ச ஈரத்துண்டை அப்படியே திணிப்பான். இவன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் காயவெச்சு, மடிச்சு, போதாதுன்னு ஈரம் உறிஞ்சிப் பொட்டலமும் வெச்சிருக்கான். எதுக்கு?"

"பக்கத்துப் பையில இருக்கிற லென்ஸுக்கு ஜலதோஷம் வந்துடக் கூடாதுன்னு."

"அதான். திருடும்போதுகூட மத்த லென்ஸுங்க மேல இரக்கம். கயோ-சான், நீங்க இந்த அலமாரியைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

"எடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது."

"பாத்தியா? இவங்க இல்ல. கழகத்து ஆள்தான் எடுத்திருக்கான்."

கயோ-சான் அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

சாவி இருந்த இடத்தையும் பார்த்தோம். கோப்பை அடுக்குக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. கயோ-சான் மாடிக்குத் துணி எடுக்கப் போனால், காபி குடிக்க வந்த யாரும் கையை நீட்டி எடுக்கலாம். "இதைப் பூட்டுன்னு சொல்றதை விட மரியாதைன்னு சொல்லலாம்," என்றார் அக்கா.

பிறகு பித்தளை வளையத்தை விரலில் மாட்டிச் சுற்றினார். "விக்கிறதுக்கு எடுத்தவன் இதையும் சேர்த்துல்ல எடுத்திருக்கணும். இதை மட்டும் எதுக்குக் கழட்டி வெச்சான்?"

"நிச்சயதார்த்தம் நின்னு போச்சோ என்னமோ."

"வா, இதைப் பத்தித் தெரிஞ்ச ஆளைப் பாப்போம்."

கிளம்பும்முன் சுவர் பக்கம் போனார். மாதாமாதம் ஒரு தலைப்பில் கழகத்தார் படம் எடுத்து அங்கே மாட்டுவார்கள். போன மாதத் தலைப்பு படகுத்துறை. அவரவர் தனித்தனியாகப் போய் எடுத்தது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு காகிதத் துண்டில் பேரும் லென்ஸின் எண்ணும். படத்தைச் சுற்றிலும் ஃபிலிமின் கறுப்பு ஓரம் தெரிய வேண்டும் என்பது கழகச் சட்டம். ஓரத்தை வெட்டி ஏமாற்றவில்லை என்பதற்கு அத்தாட்சி. அக்கா வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய் ஒன்றை மட்டும் ஆணியிலிருந்து கழற்றிப் பையில் வைத்தார். அக்கரைப் படகுக் கொட்டகையில் சைக்கிளோடு ஒரு பெண் நிற்கிற படம். இரவல் சட்டை போட்ட மாதிரி சுற்றிலும் தொளதொளவென்று இருந்தது. பேர்ச்சீட்டு சுவரிலேயே தங்கிவிட்டது. யார் பேர் என்று நான் பார்க்கவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது.

*

ஊபுகட்டா, கையெழுத்துக்குப் பதிலாகக் குத்துகிற பெயர் முத்திரைக் கட்டை செதுக்குகிறவர். கடை அகலம் ஓர் ஆள் குறுக்கே படுக்கிற அளவு. எங்களைப் பார்த்ததும் உளியைக் கீழே வைக்காமலே பேசினார்.

"வாங்க நாமெகாவா-சான். யாரைக் கட்டிவெச்சு அடிக்கப் போறீங்க? இந்தத் தடியனுக்கு ஒரு முத்திரை செஞ்சு தரவா? அவ்வளவு பெரிய பேருக்குக் கட்டைதான் பத்தாது."

"பாதிப் பேரைச் செதுக்குங்க, பாதிக் கூலி வாங்கிக்குங்க," என்றேன்.

"நீங்க அந்த ஐம்பதை விலைக்குக் கேட்டீங்களாமே," என்றார் அக்கா.

உளி நின்றது. "கேட்டேன். ஒரு தடவை இல்ல, பாக்கும்போதெல்லாம் கேட்டேன். அந்த ஆள் நடைவண்டின்னு திட்டின லென்ஸை நான் நடக்க வெச்சுக்கறேன்னு கேட்டேன். குடுக்கல. அதுக்காக நான் எடுப்பேனா? சாவி யார்கிட்ட இருக்குன்னு சொன்னேன், அவ்வளவுதான். சொன்னது தப்பா?"

"அதை அப்புறம் பாப்போம். இது என்ன?" அக்கா வளையத்தை நீட்டினார்.

ஊபுகட்டா அதைக் கண்டதும் ஆளே மாறிவிட்டார். விளக்கடியில் வைத்துத் திருப்பினார். "அந்தக் காலத்து லென்ஸுக்கு மரை இருக்கும், திருகி மாட்டணும். இப்போ இருக்கிற கேமராவுக்குக் கொக்கி. ரெண்டுக்கும் நடுவுல சம்பந்தம் பேசற தரகர்தான் இந்த வளையம். அதோட விடாது. எந்த லென்ஸ் வந்திருக்குன்னு கேமரா காதுல போய்ச் சொல்லும். உடனே ஜன்னல்ல அந்த லென்ஸுக்கு உண்டான வெள்ளைக் கோட்டுச் சட்டம் எழும்பும். அந்தச் சட்டத்துக்குள்ள தெரியறதுதான் படத்துல விழும்."

"இது எந்த லென்ஸோட தரகர்?"

"ஐம்பதோடது."

"ஐம்பதுல வேற வளையத்தைப் போட்டா? தொண்ணூறோடதை?"

"பேஷாப் பொருந்தும். ஒரு குறையும் இருக்காது. கேமரா ஒரு முட்டாள், வளையம் சொல்றதை நம்பிடும். ஜன்னல்ல தொண்ணூறோட சின்னச் சட்டத்தைக் காட்டும். ஆனா லென்ஸ் தன் பாட்டுக்கு அகலமாத்தான் பாக்கும். இந்தக் கேமராவுல ஜன்னல் பாக்கறது வேற, லென்ஸ் பாக்கறது வேற. கல்யாணம் ஆனவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல."

அக்கா என்னைப் பார்த்தார். "புரியுதா? வித்துட்டுப் போறதுக்கு எடுக்கல. வளையத்தைப் பையில கனத்துக்கு விட்டுட்டு, லென்ஸை வேற வளையத்துல மாட்டி ஓட்டிக்கிட்டிருக்கான். திருட்டு லாரியை எவனாவது வீட்டுக்குள்ள நிறுத்தி வெச்சா கண்டுபிடிக்கிறது கஷ்டம். ஓட்டினா?"

"டயர்த் தடம் விழும்."

"அது கமொமே சுவர்ல விழுந்திருக்கு." அவர் ஊபுகட்டா பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட தொண்ணூறு இருக்கா?"

"இருக்கு. அதுவும் வளையம் போட்டதுதான்."

"கேமராவோட குடுங்க, படகுத்துறை வரைக்கும் போய்ட்டு வரோம்."

"என் பொண்டாட்டியை வேணா கூட்டிட்டுப் போங்க. கேமரா தனியாப் போகாது," என்று குடையை எடுத்துக்கொண்டு அவரும் வந்தார். அவர் வைத்திருந்த ஒரே குடை கேமராவுக்குப் போதுமானதாக இருந்தது. நான் நனைந்தேன்.

*

எங்கள் வட்டாரத்தில் கால்வாய்களுக்குக் குறுக்கே பாலம் குறைவு. மாநகராட்சிப் படகு ஒன்று அக்கரைக்கும் இக்கரைக்கும் இலவசமாக ஓடிக்கொண்டே இருக்கும். சைக்கிளோடு ஏறி சைக்கிளோடு இறங்குவார்கள். என் அம்மா அதில் போய்த்தான் திருகாணித் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றாள். படகுக்காரர் எங்களைப் பார்த்துக் கையாட்டினார். நாங்கள் ஏறவில்லை என்றதும் கையை இறக்கினார்.

துறையில் நிற்க இடம் குறைவு. முன்னால் தண்ணீர். பின்னால் கடல் பொங்கினால் தடுக்கக் கட்டிய கான்கிரீட் சுவர், என் தலைக்கு மேல் ஒரு முழம் உயரம். இரண்டுக்கும் நடுவில் ஒரு லாரியின் அகலம்.

அக்கா படத்தை மழைபடாமல் கோட்டுக்குள் பிடித்துக்கொண்டு அக்கரையோடு ஒப்பிட்டார். கொட்டகை. இடது ஓரத்தில் பழைய பளுதூக்கி இயந்திரம். வலது ஓரத்தில் தண்ணீருக்குள் இறங்குகிற படிக்கட்டு. மூன்றும் படத்தில் இருந்தன.

"இப்ப உங்க தொண்ணூறுல பாருங்க. என்ன தெரியுது?"

ஊபுகட்டா தண்ணீர் ஓரத்தில் நின்று ஜன்னலில் கண்ணை வைத்தார். "கொட்டகை தெரியுது."

"பளுதூக்கி?"

"சட்டத்துக்கு வெளிய."

"படி?"

"வெளிய."

"பின்னால போங்க."

இரண்டடி போனார். இன்னும் இரண்டடி. முதுகு சுவரில் முட்டியது. "இப்பவும் கொட்டகைதான். கூரை கொஞ்சம் மூச்சு விடுது, அவ்வளவுதான்."

"ரெண்டும் உள்ள வரணும்னா?"

"இன்னும் ஏகப்பட்ட தூரம் பின்னால போகணும். சுவருக்கு அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம் போனா சுவரைத்தானே படம் எடுக்க முடியும்," என்றேன். "ஒருவேளை சுவர்ல ஓட்டை போட்டிருப்பானோ?"

வழக்கமாக இதற்கு ஊபுகட்டா ஒன்றுக்கு மூன்றாகத் திருப்பித் தந்திருப்பார். தரவில்லை. அக்காவின் கையிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் செதுக்காத கட்டை மாதிரி ஆகிவிட்டது.

"இந்தப் படத்தோட பேர்ச்சீட்டுல தொண்ணூறுன்னு எழுதியிருந்தது," என்றார் அக்கா மெதுவாக.

"தெரியும்," என்றார் அவர். "நாமெகாவா-சான், இனிமே கயோ-சான் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

சரி, ஆள் மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். லென்ஸ்மேல் ஆசைப்பட்டவர், பைகளைப் பிரித்தவர், பழியை முதலில் தூக்கிப் போட்டவர். அவர் ஓடினால் பிடிக்க வேண்டுமே என்று என் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அவர் ஓடவில்லை. குடையை என்னிடம் கொடுத்துவிட்டு மழையில் நனைந்துகொண்டே முன்னால் நடந்தார். கேமராவைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டுதான்.

*

சாயங்காலம் கமொமேயில் கழகம் கூடியது. ஈரக் கோட்டுகளின் வாசனை. கயோ-சான் ஒவ்வொருவருக்கும் துண்டு கொடுத்தார். வாங்கியவர்கள் அதைக் கொஞ்சம் பயத்தோடு வாங்கினார்கள்.

தலைவர் மினோவா நடு மேசையில் இருந்தார். வெள்ளைத் தலை, பட்டாம்பூச்சி மாதிரி முடிச்சுப் போட்ட போ டை, கழுத்தில் கேமரா இல்லை, காலடியில் பை. எழுந்து தொண்டையைச் செருமினார்.

"நண்பர்களே, ஒரு லென்ஸ் போச்சு. அதுவும் நடைவண்டி. எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல. அமைதியா கை தூக்குவோம், அலமாரியை அமைதியா மாத்துவோம், கயோ-சானைப் பத்தி யாரும் வெளிய ஒரு வார்த்தை..."

"கொஞ்சம் இருங்க, டாக்டர்," என்றார் அக்கா. "இரவல் வாங்கின ஒண்ணைத் திருப்பி வெச்சுடறேன்."

அவர் சுவர் பக்கம் நடந்தார். ஊபுகட்டாவின் பேர்ச்சீட்டு இடது கோடியில் இருந்தது. நான் அங்கே கண்ணை வைத்தேன். அக்கா அதைத் தாண்டிப் போனார். இன்னும் நாலு சீட்டுகளைத் தாண்டினார். நடுவில், நல்ல வெளிச்சம் விழுகிற இடத்தில், வெறும் ஆணி ஒன்று இருந்தது. அதில் படத்தை மாட்டி நேராக்கினார்.

கீழே சீட்டில் அழகான கையெழுத்து: மினோவா. தொண்ணூறு.

"இதை எடுக்கும்போது எங்க நின்னீங்க, டாக்டர்?"

"துறையிலதான். தண்ணி ஓரமா. எதுக்கு?"

"அங்க நின்னு தொண்ணூறுல பாத்தா கொட்டகை மட்டும்தான் விழும். உங்க படத்துல பளுதூக்கியும் இருக்கு, படியும் இருக்கு."

"கொஞ்சம் பின்னால போயிருப்பேன்."

"பின்னால சுவர், தலைவரே," என்றார் ஊபுகட்டா. முழுக்க நனைந்திருந்தார். "நான் முதுகை வெச்சுப் பாத்துட்டேன்."

"அப்படின்னா முப்பத்தஞ்சுல எடுத்திருப்பேன். சீட்டை மாத்தி எழுதியிருப்பேன். வயசாச்சு."

"முப்பத்தஞ்சுல எடுத்தா இன்னும் அகலமா வந்திருக்கும், கொட்டகை தீப்பெட்டியா ஆயிருக்கும்," என்றார் அக்கா. "ஓரத்தை வெட்டினேன்னும் சொல்ல முடியாது, கறுப்புக் கரை சுத்தி இருக்கு. தொண்ணூறுக்கும் முப்பத்தஞ்சுக்கும் நடுவுல ஒரு லென்ஸ் இருக்கு டாக்டர். அது நடைவண்டி."

அக்கா அவர் காலடியில் இருந்த பையைக் காட்டினார்.

"உங்க பையில தொண்ணூறு இருக்குல்ல? அதோட வளையத்தைக் காட்டுங்க, போதும். நான் மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்."

மினோவா பையைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் தன் போ டையைத் திருகினார், அதுதான் கழன்று வர வேண்டிய வளையம் என்பதுபோல. பிறகு குனிந்து கேமராவை எடுத்து மேசைமேல் வைத்தார். அதன் மூக்கில் அந்த ஐம்பது உட்கார்ந்திருந்தது. தொண்ணூறு பைக்குள் வளையம் இல்லாமல் மொட்டையாகக் கிடந்தது.

திருடு கொடுத்தவரே எடுத்திருக்கிறார். நான் ஊபுகட்டாவைப் பார்த்தேன். "உன் பார்வையைத் துறையிலயே பாத்தேன்டா தடியா," என்று அவர் முணுமுணுத்தார்.

"முதல் வாரமே முடியல," என்றார் மினோவா. யாரையும் பார்க்காமல் மேசையிடம் சொன்னார். "இருபத்தொண்ணுல எல்லாருக்கும் மூக்கு நீண்டு போகுது. தொண்ணூறுல ஒருத்தர் பக்கத்துலயும் போய் நிக்க முடியறதில்ல. ஐம்பதுலதான் மனுஷன் மனுஷன் மாதிரி இருக்கான். எனக்கு எப்பவும் அதுதான் பிடிக்கும். ஆனா தலைவன் போய் ஐம்பது பிடிக்கும்னு சொல்றதா? அது கடைக்காரன் கேமராவோட சேர்த்துக் குடுக்கிறதாச்சே. கொஞ்ச நாள் வெச்சிருந்துட்டுத் திருப்பி வெச்சிடலாம்னுதான்... இந்த ஆள் பையைப் பிரிப்பான்னு நான் கண்டேனா?"

"ஐம்பதுன்னு தெரிஞ்சுமா தொண்ணூறு சட்டத்தை நம்பினீங்க?" என்று பின் மேசைக் கிழவர் ஒருவர் கேட்டார்.

"தெரிஞ்சுதான் மாட்டினேன். ஆனா வெள்ளைக் கோட்டைக் கண்டா கண்ணு தானா அதுக்குள்ள போய் உக்காந்துக்குதே. படம் கழுவி வந்தப்புறம்தான் தொளதொளன்னு இருக்கிறது தெரிஞ்சுது."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். "தலைவரே, எனக்கும் ஐம்பதுதான். பயந்துக்கிட்டு இருபத்தெட்டுன்னு சொல்லிட்டேன்," என்றார் ஒருவர். "எனக்கும்" என்றார் இன்னொருவர். அந்த அறையில் பாதிப் பேர் தங்களுக்குப் பிடித்ததை அலமாரியில் பூட்டிவிட்டு, பிடிக்காததைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அலைந்திருக்கிறார்கள். கலகலவென்று ஆகிவிட்டது. மினோவாவும் கொஞ்சம் சிரிக்கத் தொடங்கினார்.

கயோ-சான் சிரிக்கவில்லை. காபிக் கெண்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார்.

"லென்ஸ் உங்களுது, டாக்டர். எடுத்தீங்க, சரி. என் பேர் உங்களுது இல்லையே. அதை ஏன் எடுத்தீங்க?"

சிரிப்பு நின்றது.

"நான் உங்க பேரைச் சொல்லவே..."

"சொல்லல. இவர் சொன்னப்போ சும்மா இருந்தீங்க. போனது போகட்டும்னீங்க. போனது உங்க கையில இருந்தது. போகட்டும்னது என்னை."

நான் நிறைய சண்டை பார்த்தவன். சுமை இறக்கும் இடத்தில் இரும்புக் கம்பியோடு ஆட்கள் மோதியதைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சத்தமில்லாமல் ஓர் ஆள் விழுந்ததைப் பார்த்ததில்லை. மினோவா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, நடுவில் வந்து நின்று, இடுப்பை வளைத்துத் தலையை முழங்கால் வரை தாழ்த்தினார். நிமிரவில்லை. பக்கத்தில் ஊபுகட்டாவும் வந்து அதேபோல் தாழ்ந்தார். அவர் முடியிலிருந்து மழைத்தண்ணீர் கயோ-சானின் தரையில் சொட்டியது.

"தரை நனையுது. நிமிருங்க," என்றார் கயோ-சான்.

"என்ன சொன்னாலும் செய்றேன்," என்றார் மினோவா குனிந்தபடியே.

"நாளைக்குக் காலையில கடைத்தெருவுல ஒவ்வொரு கடையா ஏறி நடந்ததைச் சொல்லணும். மீன்கடையில ஆரம்பிங்க, அவன்தான் எல்லாத்தையும் பரப்புறவன்."

"சொல்றேன்."

"அப்புறம்..." கயோ-சான் ஏப்ரனை அவிழ்த்து மடித்துக் கல்லாமேல் வைத்தார். "இத்தனை வருஷமா இங்க உக்காந்து படம் எடுக்கறீங்க. காபியை எடுத்தீங்க, காபி ஆவியை எடுத்தீங்க, சர்க்கரைக் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பி எடுத்தீங்க. என்னை ஒருத்தரும் எடுக்கல. இப்ப எடுங்க. அலமாரிக்கு மேல மாட்டணும். கீழ சீட்டுல, சாவி வெச்சிருக்கிறவங்கன்னு எழுதணும்."

"எதுல எடுக்கட்டும்?" மினோவா நிமிர்ந்து தன் பையைப் பார்த்தார். "இருபத்தொண்ணு..."

"எனக்கு மூக்கு நீளணுமா? உங்களுக்குப் பிடிச்சதுல எடுங்க. எல்லார் முன்னாடியும்."

சரியான வளையத்தை மாட்ட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அலமாரிக்கு முன்னால் கயோ-சான் நின்றார். கையைக் கட்டிக்கொண்டார், பிறகு பிரித்துவிட்டார், தலைமுடியை ஒருமுறை தொட்டார். கழகம் முழுக்க எழுந்து நின்றது. மினோவா ஜன்னலில் கண்ணை வைத்து, இரண்டு உருவத்தை ஒன்றாகச் சேர்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கினார். க்ளிக்.

ஊபுகட்டா அவர் காதருகே குனிந்தார். ரகசியமாகத்தான் சொன்னார், ஆனால் முத்திரை செதுக்குகிறவர்களுக்கு ரகசியக் குரல் கிடையாது.

"தலைவரே, லென்ஸ்ல மூடி இருக்கு."

மினோவா கேமராவைத் திருப்பிப் பார்த்தார். காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"பரவாயில்ல டாக்டர், கழட்டுங்க," என்றார் கயோ-சான். "நான் இன்னும் சிரிக்கவே இல்ல."